சாக்கு

தொழிற்சாலையில் என் வேலை
சாக்கின் முதுகில் எழுத்துக் குத்துவது.
தகர அச்சை வைத்து
மைத்துணியால் ஒத்தி எடுத்தால்
தோட்டத்தின் பெயர் விழும்,
ரகம் விழும், நிறை விழும்.
போகிற ஊர் மட்டும் விழாது.
கொழும்பில் ஏலம் போனபின்
அது யார் வீட்டுத் தேத்தண்ணியோ.

டீமேக்கர் சொல்லித்தான் தெரியும்,
ரஷ்யக்காரன் குடிப்பானாம் நம் தூளை.
உக்ரைன்காரனும் குடிப்பானாம்.
மாசி மாதம் இரண்டு பேரும்
கோப்பையை வைத்துவிட்டுத்
துவக்கைத் தூக்கினார்கள்.
அன்று எங்கள் பெரட்டுக் களத்தில்
பேச்செல்லாம் வேறு:
மூன்றாம் நம்பர் லயத்தில்
நாயைக் கவ்விப்போன சிறுத்தை.

சித்திரையில் அம்மன் தேர் நிலைக்கு வருமுன்
பொகவந்தலாவை டவுனில்
ஜவாஹிர் நானா விலைப்பலகையைக் கழற்றிவிட்டார்.
"எழுதி முடிக்க முந்தி ஏறுது தம்பி,
சோக்கட்டிக்குத்தான் நட்டம்.
கோதுமைக் கப்பல் கருங்கடல்ல நிக்குதாம்."

வந்து சொன்னேன்.
யோகமலர் மாவை அளந்துகொண்டிருந்தாள்,
சுண்டு அல்ல, கைப்பிடியால்.
"கருங்கடலா?
நீங்க குத்தி அனுப்புன தூளையெல்லாம்
அங்கதான் கொட்டுனாங்களோ,
கறுத்துக் கெடக்க."
சிரித்தேன்.
மகன் சிரிக்கவில்லை. பசி அவனுக்கு.

அவள் ரொட்டி விரல் தடிப்பு இருக்கும்.
ஒன்றரை ரொட்டி, இடித்த சம்பல்,
போத்தலில் சாயத்தண்ணி:
மலையில் நாலரை மணிவரை
கால் தள்ளாடாமல் நிறுத்திவைக்கும் சாமான்.
இப்போது தட்டுகிறாள்,
தட்டிக்கொண்டே போகிறாள்,
பெரிதாகத் தெரியட்டும் என்று.
கரண்டில்லாத இரவில் ஒன்றைக் கையில் எடுத்து
குப்பி லாம்புக்கு நேரே பிடித்தாள்.
சுடர் தெரிந்தது.

உரம் ஏன் இல்லை?
யுத்தம், என்றார் துரை.
சம்பளம் ஏன் கூடவில்லை?
யுத்தம்.
மண்ணெண்ணெய்?
அதுவும் யுத்தம்தான்.
தூளுக்கு விலை ஏறியிருப்பதாக
டீமேக்கர் ஒருநாள் வாய்தவறிச் சொன்னார்.
பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்.

நான் இருபது வருஷமாய்ச் சாக்கோடு பழகியவன்.
எது கடதாசி, எது சணல்,
எது வெறும் சாக்கு என்று
தொட்டால் தெரியும் எனக்கு.

யோகமலரின் படங்கு கிழிந்திருந்தது.
மாச் சாக்கை வெட்டித் தைத்த படங்கு அது,
நாலு மழைக்காலம் கண்டது;
இடுப்பில் ஒரு கோதுமைக் கதிரின் படம்
வெளிறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.
நானாவிடம் வெறுஞ்சாக்கு ஒன்று கேட்டேன்.
"முழுச்சாக்கே வரல்ல,
வெறுஞ்சாக்குக்கு எங்க போவேன்?"

அச்சு பிசகிய தேயிலைச் சாக்கொன்றைச்
சட்டைக்குள் மடித்துக் கொண்டுவந்தேன்.
திருட்டுத்தான்.
மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு ஏறினாள்.
பத்து மணிக்கு மழை.
கடதாசி எவ்வளவு தாங்கும்?
பொழுதுசாய வந்தாள்,
அடிவயிறு வரை ஈரம்.
பதினெட்டுக்கு ஒரு கிலோ குறைவு,
அரைப்பேர்.

பீலித் தண்ணீரில் பாவாடையைக் கசக்கினாள்.
மை போகவில்லை.
கடலுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி
இப்படி எதையாவது கசக்கிக்கொண்டிருப்பாள்;
அவள் வீட்டில் கோதுமை இருக்குமோ,
தேத்தண்ணி தீர்ந்திருக்குமோ.
அவள் துணியில் போகாமல் நிற்பது
மையாக இருக்காது.

"இது என்னா எழுத்து?"
பாவாடையை விரித்துக் காட்டினாள்.
இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது.
"டஸ்ட்," என்றேன், "ரகத்தோட பேரு."
"அப்பிடின்னா?"
தூள் என்று சொல்வதா
தூசு என்று சொல்வதா என
நான் யோசிக்கிறதுக்குள்
துணியைப் பிழிந்து உதறிவிட்டு
அடுப்புக்குப் போய்விட்டாள்.
மரவள்ளிக் கிழங்கைத் துருவும் சத்தம்.
கொஞ்சம் மாவும் சேர்ப்பாள்,
ரொட்டி என்று சொல்ல ஒரு சாக்கு வேண்டுமே.